பதிமூன்றடி ஷெட்

மே 2, புதன்

இன்றிலிருந்து இரண்டு நோட்டுகள். ஒன்று எஸ்டிமேட் நோட்டு. அது அம்மாவுடையது, அதில் கணக்கு எழுதுவது மட்டும் என் வேலை. இன்னொன்று இது. ஒன்பதாம் வகுப்பு நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைப் பிரித்து நானே தைத்தேன். யாரும் படிக்கக் கூடாது.

முதலில் மார்ச் 18ஆம் தேதி நடந்ததை எழுதிவிடுகிறேன். மறந்துவிடுவேன் என்றல்ல. நாளாக ஆக வார்த்தைகள் மாறிவிடும், அது நடக்கக் கூடாது.

அம்மா எட்டு வருடமாக லோகநாயகி அத்தையின் பட்டறையில் பம்பு மோட்டாருக்குச் செம்பு வயர்க் காயில் சுற்றினாள். அத்தை அப்பாவின் அக்கா. மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு, அதை ஒட்டிப் பட்டறை. (பெரியவர்களை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். இந்த நோட்டில் 'அவள்'.) பம்பு கம்பெனியிலிருந்து ஸ்டேட்டர் என்ற இரும்பு வளையங்கள் வரும். அதன் பள்ளங்களில் வயரைச் சுற்றி அடைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வயர் அத்தை வாங்கிப் போடுவது. அம்மாவோடு சேர்த்து எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். எல்லாரிலும் அம்மாதான் கெட்டிக்காரி. கண்ணை மூடிக்கொண்டு வயரை விரலில் உருட்டியே எத்தனையாம் கேஜ் தடிமன் என்று சொல்லிவிடுவாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆனாலும் வேலை இருந்தது. நான் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோனேன். அம்மா சுற்றிய அறுபது ஸ்டேட்டர்கள் ஓடிய ஒரே வாரத்தில் எரிந்து திரும்பி வந்திருந்தன. அத்தை எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னாள்:

"ஏம்மா சாந்தாமணி, கை நடுங்குதா, இல்ல கண்ணு அவிஞ்சுபோச்சா? எட்டு வருசமா சோறு போட்ட எடத்துல மண்ண வாரிப் போட்டுட்டயே. மூணு மாசச் சம்பளம் கெடையாது. இந்த அறுவதையும் நீயே உக்காந்து பிரி."

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. தரையில் உட்கார்ந்து கருகிய வயரை வெட்டி வெட்டி இழுத்தாள். மற்ற ஏழு பேரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

ஒரு துண்டு வயரை எடுத்துவந்து பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியம். அது விலை குறைவு, சீக்கிரம் எரியும். ஆகவே தப்பு அத்தையுடையது. ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். "அதெ வீசீட்டுப் போய்ப் படி" என்றாள். நான் வீசவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா அங்கே போகவில்லை. இப்போது எங்கள் வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில், சொந்தமாக ஒரு ஷெட் கட்டப்போகிறாள். கம்பெனி சூப்பர்வைசர் அருளானந்தம் சார் சொல்லியிருக்கிறார்: பூட்டுப் போடுகிற தனி அறை, குறைந்தது 120 சதுர அடி. ஜூன் முதல் வாரம் வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் அம்மா பேரிலேயே ஆர்டர்.

அத்தையின் ஆர்டரில் பாதி இந்தப் பக்கம் வந்துவிடும். எனக்கு அது போதாது.


மே 3, வியாழன்

வெள்ளிங்கிரி மேஸ்திரி வந்தார். அகலம் பத்தடிக்கு மேல் முடியாது, அந்தப் பக்கம் செப்டிக் டேங்க். நீளம் மட்டும்தான் நம் இஷ்டம்.

"பதினாறு போட்ருங்க" என்றாள் அம்மா.

மேஸ்திரி குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டார். அவர் கல்லை எண்ணி முடிப்பதற்குள் நான் சிமெண்ட் வரைக்கும் போட்டுவிட்டேன்.

"அட, இந்தப் பாப்பா என்ற மவனுக்கு ஒரு மாசம் கணக்குச் சொல்லிக் குடுத்தா அவனுங்கூட பாஸாயிருவான்."

பதினாறடிக்குத் தொண்ணூற்றோராயிரம் வருகிறது. அம்மாவிடம் சீட்டு எடுத்த அறுபதாயிரமும் வளையலை அடகு வைத்த பதினெட்டாயிரமும் இருக்கின்றன. பதினோரடி போட்டால் பணம் மிஞ்சும். ஆனால் 110 சதுர அடிதான் வரும், கம்பெனி ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு அடியாகக் கூட்டிப் பார்த்தேன். பதிமூன்றில் நின்றது: ஹாலோ பிளாக் 430, சிமெண்ட் 28 மூட்டை, எம்.சாண்ட் ஒன்றரை யூனிட், கூரைக்குத் தகர ஷீட்டும் பைப்பும், உக்கடம் பழைய மார்க்கெட்டில் கதவு, கூலி எல்லாம் சேர்த்து 77,620. மீதி 380. அதை 'இதர செலவு' என்று எழுதினேன்.

கணக்கில் ஒரு ரூபாய்கூட ஒளிக்கக் கூடாது என்று அம்மாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.


மே 5, சனி

அப்பா பஸ்ஸிலிருந்து வந்ததும் கண்டக்டர் பையைக்கூடக் கழற்றவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்துப் பின்பக்கத்து மனையடி சாஸ்திரத்தைத் திறந்தார். யார் சொல்லி என்பது தெரிந்ததுதான். மேஸ்திரி அத்தைக்கும் வேலை செய்கிறவர், பதிமூன்று என்பது அங்கே போயிருக்கிறது.

"பதிமூணு ஆகாது சாந்தாமணி. பகை உண்டாகும்னு போட்ருக்குது. அக்கா அப்பவே சொல்லுச்சு."

"பன்னெண்டுக்கு?"

"செல்வம் அழியும்."

"பதினாலு?"

"பெரும் நஷ்டம்."

"பாஞ்சு?"

அப்பா பார்த்துவிட்டுப் பஞ்சாங்கத்தை மூடினார். பதினாறு மிகுந்த செல்வம். பதினாறு போடச் செல்வம் இல்லை.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "செல்வம் எங்கிட்ட இல்ல, அழியறதுக்கு. நஷ்டம் வந்தா தாங்க முடியாது. பகைதானுங்களே? அது ஏற்கெனவே இருக்குது. ஒரு ரூம்பு கட்டி உள்ள வெச்சுக்கறேன்."

அப்பா சிரிக்கவில்லை. அவரை எடுத்து வளர்த்தது அத்தைதான். நான் சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்து முழுப் பட்டியலையும் படித்தேன். இருபத்திரண்டு அடிக்கு 'எதிரி அஞ்சுவான்' என்று இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். எதிரியை அஞ்ச வைப்பது நம்மால் முடிகிற செலவு அல்ல.


மே 6, ஞாயிறு

அப்பா நேற்று ராத்திரியிலிருந்து அம்மாவோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வாங்கிக்கொள்கிறார்.


மே 9, புதன்

கயிறு கட்டி முளை அடித்தார்கள். அப்பா வேண்டுமென்றே காலை ஷிப்ட் போய்விட்டார். கற்பூரம் காட்ட வேண்டியவர் இல்லாததால் அம்மாவே காட்டினாள். மதிலுக்கு மேலே அத்தையின் தலை தெரிந்தது. ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறாள்.

"ஏம்ப்பா வெள்ளிங்கிரி, கோழிக்கூடா, ஆட்டுப்பட்டியா? என்ன கட்டறீங்கொ?"

மேஸ்திரி நெளிந்தார். "சின்னதா ஒரு ஷெட்டுங்க."

"கட்டு, கட்டு. எரிஞ்சு போனதயெல்லாம் வெக்கறதுக்கு எடம் வேணுமல்லொ."

"நங்கையா, வெய்யல்ல நிக்காதீங்க, கெறக்கம் வந்து உளுந்துருவீங்க" என்றாள் அம்மா. நாத்தனாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. குரலில் அவ்வளவு மரியாதை இருந்தது.

அத்தையின் வார்த்தைகளை எல்லாம் இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுத் தனியாக எழுதி வருகிறேன். இன்று வரை பதினேழு.


மே 12, சனி

அஸ்திவாரம் முடிந்தது. கருங்கல் ஒரு லோடு போதவில்லை, மேலும் கால் லோடு வேண்டும் என்றார் மேஸ்திரி. அம்மா ஒரு ஜன்னலை எடுத்துவிட்டாள். கணக்கு நேராயிற்று.


மே 16, புதன்

சுவர் தோள் உயரம் வந்துவிட்டது. காலையும் மாலையும் நான்தான் சுவருக்குத் தண்ணீர் விடுகிறேன். ஏழு நாளாவது நனைய வேண்டும், இல்லாவிட்டால் சுவர் விரிசல் விட்டுவிடும். எங்கள் வீதிக் குழாயில் பத்து நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். அத்தையின் போர்வெல் தண்ணீரை ஹோஸ் போட்டு எடுத்துக்கொள்ள அப்பா கேட்டிருந்தார். அத்தையும் "தம்பி கேட்டு இல்லேங்க முடியுமா?" என்று சரி சொல்லியிருந்தாள்.

இன்று சாயங்காலம் ஹோஸில் தண்ணீர் வரவில்லை. மதிலருகே போய்க் கூப்பிட்டேன்.

"அத்தை, தண்ணி நின்னுபோச்சுங்க."

"அதா கண்ணு, மோட்டாரு எரிஞ்சுபோச்சு. உங்கம்மாதான் காயில் கட்டுனா."

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அவர்கள் வீட்டுத் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு மூன்று வீதி தாண்டிப் பொதுக் குழாய்க்குப் போனாள். ஒன்பது நடை. நானும் போனேன். பட்டறையில் வயரைப் பிரித்தபோது அம்மா எப்படி இருந்தாளோ அதே முகம்.

பதினெட்டு.


மே 17, வியாழன்

டேங்கர் தண்ணீர் 700 ரூபாய். இதர செலவில் 380தான் இருக்கிறது. அகராதி வாங்கச் சேர்த்து வைத்திருந்த 325 ரூபாயை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா வாங்கத் தயங்கினாள். பிறகு வாங்கிக்கொண்டு, "இது கடனு, எழுதி வை" என்றாள். வரவில் எழுதினேன். மீதி 5.

மத்தியானம் முழுவதும் இடது கையால் எழுதிப் பழகினேன். அது மூளையின் மறுபக்கத்துக்கு நல்லது என்று நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன். முதலில் எழுத்து கோணலாக வந்தது. சாயங்காலத்துக்குள் ஓரளவு படிக்கும்படி ஆகிவிட்டது.


மே 18, வெள்ளி

இதர செலவு: ரூ. 5. மீதி இல்லை.


மே 22, செவ்வாய்

உக்கடத்தில் கதவு வாங்கினோம். ஏதோ பள்ளிக்கூடத்தை இடித்தபோது வந்த கதவு. உள்பக்கம் யாரோ காம்பஸ் முனையால் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கீறி வைத்திருக்கிறார்கள், பாதி தப்பு. கடைக்காரர் ஐயாயிரம் என்றார். அம்மா கதவைத் தட்டி, கீலை ஆட்டி, அடிப்பக்கம் கரையான் தின்ற இடத்தில் விரலை விட்டு எடுத்து, ஒன்றும் சொல்லாமல் நடக்க ஆரம்பித்தாள். மூவாயிரத்து எழுநூறுக்குப் பின்னாலேயே ஓடி வந்தார். எஸ்டிமேட்டில் நாலாயிரத்து ஐந்நூறு போட்டிருந்தேன். மிச்சம் எண்ணூறு. அது வயரிங்குக்குப் போயிற்று.


மே 25, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

பதினொரு மணிக்கு அத்தை பட்டறை முன்னால் கம்பெனி வேன் நின்றது. அருளானந்தம் சாரும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள். ஒரு மணி நேரம் உள்ளே இருந்தார்கள். பட்டறையின் பின்பக்க ஜன்னல் எங்கள் பொடக்காலியைப் பார்த்து இருக்கிறது. நான் ஷெட் சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிட நிறைய நேரம் விட்டேன்.

ரம்பம் அறுக்கிற சத்தம் கேட்டது. மூலையில் கிடந்த பழைய ஸ்டேட்டர் இரண்டை அறுத்துப் பார்த்தார்கள். "வெள்ளையா இருக்குதே, இது என்னங்கம்மா?" என்றார் சார். அத்தை, வயர்க்கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றாள். எந்தக் கடை, பில்லைக் காட்டுங்கள் என்றார். பில் இல்லை. அத்தையின் குரல் மெலிந்துகொண்டே போயிற்று. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

விசாரணை முடியும்வரை ஆர்டர் நிறுத்தம்.

மத்தியானம் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "என்ன இன்னைக்கு இத்தன சந்தோசம்?" என்று கேட்டாள். லீவு முடியப் போகிறதே, புதுப் புத்தகம் வரும் என்றேன்.


மே 26, சனி

அத்தை மதிலருகே நின்று வீதிக்கே கேட்கும்படி கத்தினாள்:

"மொட்டக் கடுதாசி எழுதற கையி வெளங்குமா? பேரு போட வக்கில்லாதவளுக்கு ஷெட்டு ஒரு கேடா? பொறந்தவன் பொண்டாட்டின்னு பாத்தேன், பாம்பயில்ல வளத்துட்டேன்!"

அம்மா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதை நிறுத்தி மதிலைப் பார்த்தாள். அவளுக்கு உண்மையாகவே எதுவும் புரியவில்லை. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.


மே 30, புதன்

பேபி அக்கா வந்தாள். பட்டறையில் அம்மாவுக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து சுற்றுகிறவள். வீட்டுக்குள் வராமல் ஷெட் வாசலிலேயே நின்றாள். கூரை ஷீட் நேற்றுத்தான் போட்டார்கள், உள்ளே வெந்நீர் அண்டா மாதிரி கொதிக்கிறது.

"நல்லாக் கட்டியிருக்கீங்கக்கா."

"உள்ள வா பேபி."

"இருக்கட்டுங்க. ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன். ஏழு பேரு வேல போச்சு. என்ற புள்ளைக்கு அடுத்த வாரம் பீஸ் கட்டோணும். உங்களுக்கும் நங்கையாளுக்கும் ஆயிரம் இருக்கும். நாங்க என்னக்கா பண்ணுனோம்?"

"நானா? நான் என்ன பண்ணுனேன்?"

"கடுதாசி நீங்க எழுதலீங்களா?"

"இல்ல."

பேபி அக்கா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு, "செரிங்க" என்றாள். நம்பவில்லை. போகும்போது திரும்பி, "நேருக்கு நேரா கேட்டிருந்தா நாங்க ஏழு பேரும் உங்க பக்கமில்ல நின்னிருப்போம்" என்றாள்.

ஏழு பேரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எஸ்டிமேட்டில் எதையாவது விட்டுவிட்டால் ஜன்னலை எடுத்துவிடலாம். இதற்கு எதை எடுப்பது என்று தெரியவில்லை.


ஜூன் 1, வெள்ளி

பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்பு. புதுப் புத்தகங்கள் வந்தன. முகர்ந்து பார்க்க மறந்துவிட்டேன்.


ஜூன் 4, திங்கள்

அருளானந்தம் சார் வந்தார். நான் வயிற்று வலி என்று பள்ளிக்குப் போகவில்லை. ஷெட்டுக்கு வெள்ளை அடித்து, பெஞ்சு போட்டு, ட்யூப் லைட் மாட்டி, அம்மா தரையை இரண்டு முறை துடைத்திருந்தாள். அவர் டேப் பிடித்து அளந்தார். 130 சதுர அடி. பூட்டை இழுத்துப் பார்த்தார். மெயின் போர்டைப் பார்த்தார்.

"ரூம்பு ஒண்ணும் சொல்றதுக்கில்லம்மா. நீட்டா இருக்குது."

"மொதல்ல எத்தன அனுப்புவீங்க சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆர்டர் குடுக்க முடியாதுங்கம்மா. மேல ஒத்துக்கல. கடுதாசியில இருந்தது உண்மைதான், இல்லேங்கல. ஆனா பேரில்லாத கடுதாசி. இன்னிக்கி அவங்களப் பத்தி எழுதுனவங்க, நாளைக்கி எங்களப் பத்தி எங்கியோ எழுதுவாங்கன்னு எம்.டி. சொல்றாரு."

"நான் எழுதல சார்."

"எல்லாரும் அப்படித்தானுங்களே சொல்லுவாங்க."

அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் போனார். பிறகு அம்மா ஷெட்டுக்குள் போய்ப் பெஞ்சின் மேல் உட்கார்ந்தாள். கூரைச் சூட்டில் முகமெல்லாம் வேர்த்து வழிந்தது. துடைக்கவில்லை.

எழுபத்தெட்டாயிரத்து முந்நூற்று இருபத்தைந்து ரூபாய்.


ஜூன் 5, செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்தபோது எஸ்டிமேட் நோட்டு அம்மாவின் மடியில் திறந்து கிடந்தது. அடகு வட்டியை எழுதத்தான் எடுத்திருக்கிறாள். எடுத்தவள் முழுக் கணக்கையும் சரிபார்த்திருக்கிறாள்.

"மே பதினெட்டு. இதர செலவு அஞ்சு ரூவா. இது என்னது?"

சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். பேனா ரீபில் என்று சொல்லலாம் என்றும் நினைத்தேன். ஆனால் கணக்கில் ஒளிக்கக் கூடாது.

"தபால் கவர்" என்றேன்.

அம்மா அடிக்கவில்லை. அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன், அடிக்கவில்லை.

"அந்த வயரு அலுமினியம்மா" என்று நான் அழுதுகொண்டே சொன்னேன். "நீ தப்பே பண்ணல. அவ உன்னைய அத்தன பேரு முன்னாடி..."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கையில எடுத்ததுமே தெரியும். அது கனமே இல்ல, கொழகொழன்னு வளையுது. வேண்டாங்க நங்கையா, எரிஞ்சுபோகும்னேன். 'சுத்தறதுதான் உன்ற வேல, ரோசன சொல்றது இல்ல'ன்னுச்சு. உனக்குப் பரீட்சை பீஸ் கட்டற மாசம். சுத்தீட்டேன்."

எட்டு வருடமாக அந்த விரல்களைப் பற்றி வகுப்பில் பெருமை அடித்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேஜ் சொல்லும் விரல்களுக்குச் செம்பா அலுமினியமா என்று தெரியாமல் இருக்குமா? இது எனக்கு ஏன் ஒரு நாளும் தோன்றவில்லை?

"எரிஞ்சு வந்தப்ப நான் என்னன்னு பேசறது, சொல்லு? தெரியாமச் சுத்தீட்டேன்னா நான் தொழில்காரியில்ல. தெரிஞ்சு சுத்துனேன்னா நாணயக்காரியில்ல. வாய மூடீட்டுப் பிரிச்சேன்." மூக்கைச் சிந்தினாள். "என்ற ஷெட்டுல சுத்துன நூறு ஸ்டேட்டர் எரியாம ஓடோணும். அன்னைக்கிப் போயி அந்த ஏழு பேரு முன்னாடி நங்கையாள நிக்க வெச்சுக் கேக்கோணும்னு இருந்தேன். ஒவ்வொரு கல்லு வெக்கறப்பவும் அதையேதான் நெனச்சேன். அதெ அஞ்சு ரூவாய்க்கு வித்துட்டயே கண்ணு."

பழி தீர்க்க வேண்டியது நான்தான் என்று நினைத்திருந்தேன்.


ஜூன் 7, வியாழன்

கடிதத்தை மறுபடி எழுதினேன். வலது கையால், கோடு போட்ட தாளில், பரீட்சைக்கு எழுதுவது போல. முதல் கடிதத்தை எழுதியது நான்தான், என் அம்மாவுக்கு அது தெரியாது, பெயர் போடாதது என் கோழைத்தனம், எழுதிய செய்தி உண்மை. கீழே: சா. நந்திதா என்று எழுதிவிட்டு அடித்தேன். தே. நந்திதா, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, வீட்டு விலாசம். அவசரத்தில் அப்பாவின் முதலெழுத்துக்குப் பதிலாக அம்மாவுடையதைப் போட்டிருக்கிறேன்.

'மன்னிக்கவும்' என்றும் ஒரு வரி எழுதியிருந்தேன். அம்மா படித்துவிட்டு, "யாருகிட்ட?" என்று கேட்டாள். கம்பெனியிடமா, அத்தையிடமா, பேபி அக்காவிடமா? பேபி அக்காவுக்கு மட்டும் என்று மாற்றினேன்.

பிறகு அம்மா பேனாவை வாங்கினாள். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றவள். ஒவ்வொரு எழுத்தாக, வயரைப் பள்ளத்தில் அடுக்குவது போல அடுக்கி, இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.


ஜூன் 9, சனி

சனிக்கிழமை பழைய பாக்கிக்காக ஏழு பேரும் பட்டறைக்கு வருவார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். பதினொரு மணிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"வாங்க, வாங்க" என்றாள் அத்தை. "ஷெட்டுத் தெறப்பு விழாவுக்குக் கூப்பட வந்தீங்களா?"

"படி கண்ணு" என்றாள் அம்மா.

படித்தேன். முதல் வரி முடிந்ததும் அத்தை கைதட்டினாள். "பாத்தீங்களாடி, புள்ளைய எப்படி வளத்திருக்கறான்னு! படி, படி, நல்லாச் சத்தமாப் படி." பேபி அக்காவின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசியில் அம்மாவின் இரண்டு வரி: "அலுமினியம் என்று தெரிந்தேதான் அறுபதையும் நான் சுற்றினேன். வேண்டாம் என்று சொல்லியும் லோகநாயகி அம்மாள் சுற்றச் சொன்னார். சாந்தாமணி."

அத்தை ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒருத்தியும் அவளைப் பார்க்கவில்லை. வாசலில் அப்பா நிற்பதைக் கண்டுவிட்டு, "டேய் தேவராசு, உன்ற பொண்டாட்டிய இழுத்துட்டுப் போடா!" என்று கத்தினாள்.

அப்பா செருப்பைப் பார்த்தார். "எனக்கு வண்டிக்கு நேரமாச்சுக்கா" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். இன்று அவருக்கு மத்தியான ஷிப்ட்.

"உன்ற பேரயும் கெடுத்துக்கிட்டு என்னையும் கெடுக்கறயா?" என்றாள் அத்தை. கம்பெனிக்காரர்களிடம் பேசிய அதே மெலிந்த குரல்.

"ஆமாங்க நங்கையா" என்றாள் அம்மா.


ஜூன் 11, திங்கள்

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவோடு கம்பெனிக்குப் போனேன். அருளானந்தம் சார் கேட்டில் நின்றபடியே கடிதத்தை இரண்டு முறை படித்தார். "தெரிஞ்சே சுத்துனீங்களா?" என்றார். "ஆமாங்க" என்றாள் அம்மா. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள்.


ஜூன் 15, வெள்ளி

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்டோவில் பன்னிரண்டு ஸ்டேட்டர்கள் வந்தன. பன்னிரண்டே பன்னிரண்டு. கூடவே செம்பு வயர் ரீலும் ஒரு சீட்டும். இனி யாருக்கும் வயரைக் கம்பெனியேதான் கொடுக்கும், கொடுத்த எடை திரும்பி வர வேண்டும் என்று சீட்டில் இருந்தது. அத்தைக்கும் இதே நிபந்தனைதான் என்றார் ஆட்டோக்காரர். அவளுக்கு ஆறு. பேபி அக்கா திங்கட்கிழமை முதல் எங்கள் ஷெட்டுக்கு வருகிறாள்.

"நம்பலைங்கறாங்க" என்றாள் அம்மா சீட்டைப் பார்த்து. "செரி. நாமளும் நம்ப வேண்டாம்."

நேற்று ஒரு பழைய தராசு வாங்கினாள். 850 ரூபாய். எஸ்டிமேட்டில் இல்லாதது. பணம் யார் கொடுத்தது என்று கேட்டேன். அப்பா என்றாள். எத்தனையாம் நாள் மறுபடி பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது.

ரீலைத் தராசில் வைத்தோம். சீட்டில் 14 கிலோ 200. தராசில் 13 கிலோ 900. ஆட்டோக்காரர், "முந்நூறு கிராம்தானுங்க்கா, போட்டு உடுங்க" என்றார். அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். அவர் போன் செய்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு சீட்டில் எண்ணை அடித்துத் திருத்தச் சொன்னார்கள். நான் திருத்தினேன், அம்மா அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மதிலுக்கு மேலே அத்தையின் தலை.

"நங்கையா, உங்களுக்கு வந்த வயரையும் ஒருக்கா எட போட்டுக்குங்க" என்று அம்மா சத்தமாகச் சொன்னாள். நல்லதுக்குச் சொன்னாளா குத்திக்காட்டச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. தலை கீழே இறங்கிவிட்டது.

அரை மணி நேரம் கழித்து அத்தை தராசு கேட்டு ஆள் அனுப்பினாள். அம்மா கொடுத்துவிடச் சொன்னாள்.

நான் வாடகை பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தேன். வரவில் எழுதியிருக்கிறேன்.